பேரை வெட்டுவதற்கு முன் போடவேண்டிய கணக்கு

பெரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ஒரு பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. "இந்தத் தீவாளியோட பேர வெட்டிட்டு வீட்லயே தையல் போட்டுறப் போறேன்" என்கிறார் ஒரு தங்கச்சி. "கொழும்புல மேசன் வேல பழகிட்டேன், இனி எனத்துக்கு நான் மலையில கவ்வாத்து வெட்டணும்?" என்கிறார் ஒரு தம்பி. வயரிங், பெயின்ட், முடிவெட்டு, பலகாரம் சுட்டு விற்பது, ஆட்டோ என்று ஆளுக்கொரு யோசனை. பிறர் கையை எதிர்பாராமல் நம் கைத்தொழிலை நம்பி நிற்பது நல்ல யோசனைதான். நாம் யாரையும் தடுக்க வரவில்லை.

ஆனால் ஒரு விடயத்தைக் கவனித்து வருகிறோம். சொந்தத் தொழில் என்றதும் நம்மவர்கள் முதலில் ஓடுவது மெஷின் வாங்க. அதற்கு நகை அடகுக்குப் போகிறது. அடுத்து ஒரு போர்டு எழுதியாகிறது. சாமி படம் மாட்டி, வெற்றிலை பாக்கு வைத்துத் தொழிலும் தொடங்கியாகிறது. தோட்டத்துச் செக்ரோலிலிருந்து பேர் போனதால் கையை விட்டுப் போனவை என்னென்ன என்று அதற்குப் பிறகுதான், ஒவ்வொரு மாதமும் ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது. இந்தக் கட்டுரையில் தொழிலை எப்படிச் செய்வது என்று நாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தொழிலுக்குப் பின்னால் இருக்கிற காசு, காகிதம், கணக்கு ஆகியவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

நாட்சம்பளம் மட்டுந்தானா தோட்டம் தருகிறது?

2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று தீர்மானிக்கப்பட்டது. கணக்குப் பார்க்க வசதியாக அதையே எடுத்துக்கொள்வோம். உங்கள் சம்பளத் துண்டில் இன்று வேறு தொகை இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், கணக்குப் போடும் விதம் மாறாது.

மாதத்தில் 22 பேர் விழுந்தால் 29,700 ரூபா. இதில் ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எப்.புக்கு, உங்கள் பங்காக 8 வீதம் வெட்டுகிறார்கள். அது 2,376 ரூபா. மீதி 27,324 ரூபா. சங்கச் சந்தா, முற்பணம் போன்ற மற்ற வெட்டுக்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம். "கையில கெடைக்கிறது இருவத்தேழாயிரம், தையல்ல இத எடுக்க முடியாதா?" என்று கேட்பீர்கள். எடுக்கலாம். ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை.

ஈ.பி.எப்.புக்கு தோட்டம் தன் பங்காக 12 வீதம் போடுகிறது. அது 3,564 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு, நாம் ஈ.டி.எப். என்று சொல்வதற்கு, இன்னும் 3 வீதம். அது 891 ரூபா. ஈ.டி.எப்.புக்கு உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டுவதில்லை, முழுவதும் தோட்டத்தின் காசு. இவற்றைத் தவிர 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் ஒன்று உண்டு. ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, நாட்கூலியாக இருந்தால், பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்று கணக்குப் பார்த்து, வேலையை விடும்போது கொடுக்க வேண்டும். 14 நாளுக்கு 18,900 ரூபா. அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,575 ரூபா.

ஆக, உங்கள் கண்ணில் படாமலே மாதம் 6,030 ரூபா உங்கள் பேரில் சேருகிறது. அதையும் சேர்த்தால், நீங்கள் வாங்கும் மாதச் சம்பளம் உண்மையில் 29,700 அல்ல, 35,730 ரூபா. சொந்தத் தொழிலில் இந்தத் தொகையைப் போட ஆள் கிடையாது. முதலாளியும் நீங்கள்தான், தொழிலாளியும் நீங்கள்தான். இரண்டு பேருடைய பங்கையும் நீங்களே போட வேண்டும்.

துண்டில் எழுதாத வேறு சிலவும் இருக்கின்றன. பிரசவத்துக்கு 84 நாள் விடுமுறையும் அதற்கான கொடுப்பனவும் சட்டப்படி கிடைக்கின்றன. மலையில் விழுந்து கை கால் முறிந்தால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. தீபாவளிக்கு முற்பணம் கிடைக்கிறது. தேயிலைத் தூள் கிடைக்கிறது. பிள்ளையைக் காலையில் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போகலாம். மரண உதவிச் சங்கத்துக்கும் கோயிலுக்கும் உள்ள காசைச் சம்பளத்திலேயே வெட்டிவிடுவதால், வீட்டில் ஒரு சாவு நடந்தால் சங்கம் வந்து நிற்கிறது.

கடைக்காரரையும் மறந்துவிடாதீர்கள். அவர் உங்களுக்கு அரிசியும் மாவும் கடனுக்குக் கொடுப்பது உங்கள் முகத்துக்காக என்று நினைக்கிறீர்களா? செக்ரோலில் பேர் இருக்கிறது, சம்பளத்தன்று காசு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் கொடுக்கிறார். பேர் போனதும் அவர் பேச்சும் கொஞ்சம் மாறும். அதைக் குற்றமாக எடுக்க முடியாது. நாளை நீங்களும் ஒரு தொழில்காரர், நீங்களும் அப்படித்தான் யோசிப்பீர்கள்.

"ஈ.பி.எப். எடுத்து மெஷின் வாங்கிறலாம்"

இந்தப் பேச்சைத்தான் நாம் மிகவும் பயத்தோடு கேட்கிறோம். ஏனென்றால் வேலையை விட்டதும் ஈ.பி.எப். கையில் கிடைத்துவிடாது. பெண்களுக்கு 50 வயதும் ஆண்களுக்கு 55 வயதும் ஆக வேண்டும். திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக உடல் இயலாமற்போனவர்கள், நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவர்கள் போன்ற சிலருக்குத்தான் அதற்கு முன் எடுக்க வழி உண்டு. 35 வயதில் தையல் போட விலகுகிற ஒரு தங்கச்சி அந்தப் பணத்துக்கு இன்னும் 15 வருடம் காத்திருக்க வேண்டும். பணம் எங்கும் போய்விடாது, வருடா வருடம் வட்டியும் சேரும். ஆனால் மெஷின்காரருக்குக் கொடுக்க அது உதவாது.

30 வீதத்தை முன்கூட்டியே எடுக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அப்படி ஒரு திட்டம் 2015 முதல் நடைமுறையில் இருப்பது உண்மை. அது பத்து வருடம் சேவை செய்து, கணக்கில் குறைந்தது 300,000 ரூபா வைத்திருப்பவர்களுக்கு உரியது. அதுவும் வீட்டுத் தேவைக்கும் வைத்தியத் தேவைக்கும் மட்டுந்தான். தொழில் தொடங்க அதைத் தரமாட்டார்கள். "நான் எடுத்துத் தாறேன், கொஞ்சம் செலவு ஆகும்" என்று யாராவது லயத்துக்கு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஈ.டி.எப். அப்படியல்ல. வேலையை விட்டதும், வயது எதுவானாலும், விண்ணப்பித்து எடுக்கலாம். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் எடுக்க முடியும். பணிக்கொடையும் விலகும்போது கிடைக்கும். விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தாமதித்தால் மேலதிகமாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தீபாவளி முற்பணத்திலோ வேறு கடனிலோ மீதி இருந்தால் விலகும்போது அந்தக் கணக்கும் முன்னால் வந்து நிற்கும். அதை முதலில் கட்டி முடித்துவிட்டால் நல்லது.

ஆகவே தொழிலுக்கு முதல் என்று நீங்கள் நம்பக்கூடியவை பணிக்கொடையும் ஈ.டி.எப்.பும் உங்கள் சொந்தச் சேமிப்பும்தான். நாலு வருடமும் பத்து மாதமும் வேலை செய்தவர் அவசரப்பட்டு விலகினால் பணிக்கொடை ஒரு சதமும் வராது. இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் ஐந்து வருடமும் கணக்கில் சேரும். முதன்முதலில் பேர் பதிந்த திகதியைக் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பெரிய தொல்லை பெயர். அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர், செக்ரோலில் மூன்றாவது பெயர் என்று இருக்கிற குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. வள்ளியம்மா, வள்ளியம்மை, வள்ளி என்ற மூன்றும் நமக்கு ஒரே ஆள். காரியாலயத்துக்கு மூன்று ஆள். அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறியதால் ஈ.பி.எப். பணத்துக்கு வருடக்கணக்கில் அலைகிறவர்களை நாம் அறிவோம். நீங்கள் தோட்டத்தில் இருக்கும்போதே, கிளாக்கரும் துரையும் கையொப்பமிட இருக்கும்போதே, இதைத் திருத்திக்கொள்வது சுலபம். அடையாள அட்டை இலக்கமும் அங்கத்துவ இலக்கமும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பணம் மத்திய வங்கியிலுள்ள நிதிக்குப் போகிறதா, சி.பி.பி.எஸ். அல்லது ஈ.எஸ்.பி.எஸ். போன்ற சங்கத்துக்குப் போகிறதா என்றும் கேளுங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறும், பின்னாளில் எங்கே போய் விண்ணப்பிப்பது என்பது இதில்தான் இருக்கிறது. உங்களுக்கு ஏதும் நடந்தால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருக்கிறீர்களா? கலியாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டு அதோடு மறந்து போனவர்கள் பலர்.

பேர் இருக்கும்போதே ஒரு வருடம்

நமது யோசனை இதுதான்: தொழிலைத் தொடங்குங்கள், பேரை வெட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் பின்னேரமும் தையுங்கள். முடிந்தால் ஒரு முழு வருடம் அப்படிச் செய்து பாருங்கள். ஏன் ஒரு வருடம்? தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதத்தில் மெஷினை விட்டு எழும்ப முடியாத அளவுக்குத் துணி வரும். தைப்பொங்கலுக்கும் பள்ளிக்கூடம் தொடங்கும் காலத்துக்கும் வரும். ஆவணியிலும் தையிலும் கலியாணத் துணி வரும். ஆடி மாதத்தில் என்ன வரும்? மார்கழியில்? ஐப்பசியில் வருகிற காசை வைத்து வருடத்தைக் கணக்குப் போட்டால் ஆடியில் அடுப்பு எரியாது. மேசன் வேலைக்கும் இதே கதைதான். கொழும்பிலும் காலியிலும் வேலை பழகியவருக்கு நுவரெலியா மழையில் சுவர் கட்டும்போதுதான் எத்தனை நாள் சும்மா இருக்க வேண்டும் என்று தெரியும்.

ஒரு கொப்பி வாங்குங்கள். நாற்பது தாள் கொப்பி போதும். திகதி, யாருடைய துணி, எவ்வளவு பேசியது, எவ்வளவு வந்தது, நூலுக்கும் கொக்கிக்கும் என்ன செலவு என்று எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். வருட முடிவில் அந்தக் கொப்பி உங்களுக்கு உண்மையைச் சொல்லும். வங்கியில் கடன் கேட்கப் போகும்போதும் வெறும் வாய்ப்பேச்சை விட அந்தக் கொப்பிக்கு மதிப்பு அதிகம்.

விலை சொல்வது எப்படி

"பக்கத்து டிவிசன்ல ஐநூறு வாங்குறாங்க, நான் நானூத்தம்பது வாங்கினா எல்லாரும் எங்கிட்ட வருவாங்க." இப்படித்தான் பெரும்பாலும் விலை வைக்கப்படுகிறது. பக்கத்து டிவிசன்காரி தவறான விலை வைத்திருந்தால் நீங்களும் சேர்ந்து அந்தப் பள்ளத்தில் விழுவீர்கள்.

ஒரு பேச்சுக்கு, ஒரு சாரி சட்டைக்குத் தையல் கூலி 600 ரூபா என்று வைப்போம். நூல், லைனிங், கொக்கி, கரண்ட், டவுனுக்குப் போய்வரும் பஸ் காசு, மெஷின் பழுதுக்கு ஒதுக்குவது எல்லாமாக 120 ரூபா போகட்டும். மீதி 480. உங்கள் ஊரில் விலை வேறாக இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது தோட்டத்தில் கையில் கிடைத்த 27,324 ரூபாவை எடுக்க எத்தனை சட்டை தைக்க வேண்டும்? 57 சட்டை. தோட்டம் உங்கள் பேரில் போட்டதையும் சேர்த்து, அந்த 35,730 ரூபாவை எடுக்க? 75 சட்டை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 18 சட்டையில்தான் விடயம் இருக்கிறது. அந்த 18 சட்டையின் காசு உங்கள் கைக்கு வந்தாலும் அது இன்றைய செலவுக்கு உரிய காசல்ல. முன்பு ஈ.பி.எப்., ஈ.டி.எப்., பணிக்கொடை என்று பூட்டி வைத்திருந்த காசு அதுதான். பூட்டு இப்போது உங்கள் கையில். சம்பளத்தில் வெட்டும்போது யாரைக் கேட்டு வெட்டினார்கள் என்று சண்டை பிடிக்கிறோம். நாமே வெட்ட வேண்டும் என்று வரும்போது கை நடுங்கும். அதனால் 57 சட்டையோடு "தோட்டத்துச் சம்பளத்தை எடுத்துவிட்டேன்" என்று திருப்திப்பட்டுவிடக்கூடாது.

25 நாளில் 75 சட்டை என்றால் நாளைக்கு மூன்று. கைபழகியவருக்கு அது பெரிய வேலையில்லை. ஆனால் மாதா மாதம் 75 சட்டைக்குத் துணி கொண்டுவர உங்கள் தோட்டத்தில் ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் டிவிசனில் எத்தனை குடும்பம், அதில் ஏற்கெனவே எத்தனை பேர் தைக்கிறார்கள், டவுனில் தைத்த சட்டையை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று விசாரியுங்கள். தோட்டத்துக்குள்ளேயே அவ்வளவு ஆர்டர் கிடைக்காவிட்டால் டவுன் கடைக்குத் தைத்துக் கொடுப்பது, பள்ளிக்கூட யூனிபோர்ம், திரைச்சீலை, பழைய துணி திருத்துவது என்று வேறு வழிகளையும் சேர்க்க வேண்டும். போனில் அளவையும் படத்தையும் அனுப்பி ஆர்டர் எடுக்கிற இளம்பெண்களும் இப்போது இருக்கிறார்கள்.

அடுத்தது கடன். தோட்டத்தில் எல்லோர் கையிலும் காசு வருவது சம்பளத்தன்று மட்டும். உங்களுக்கு நூல் வாங்கக் காசு தேவைப்படுவது வாரா வாரம். வருகிறவர் எல்லாம் மச்சினி, சித்தி, அண்ணி என்று உறவாகவே இருப்பார்கள், காசு கேட்க வாய் வராது. தொடங்கும் நாளிலிருந்தே ஒரு வழக்கத்தை வைத்துவிட்டால் பிறகு முகம் சுளிக்க வேண்டியதில்லை. "அண்ணி, நூலும் லைனிங்கும் வாங்கணும், பாதிக் காசு வச்சிட்டுப் போங்க, மிச்சத்த சட்ட எடுக்கிறப்ப தாங்க" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவர் கோபிப்பார். மீதிக் காசு வரும்வரை தைத்த சட்டை உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

மேசன், பெயின்ட், வயரிங் வேலைக்காரர்களுக்குத் தொகை பெரியது, ஆகவே ஆபத்தும் பெரியது. நாட்கூலிக்குப் போனால் மாலையில் காசு. கொந்தரப்பு எடுத்தால் லாபமும் உங்களுடையது, நட்டமும் உங்களுடையது. கொந்தரப்பு பேசும்போது வேலையின் அளவு, சாமான் யார் வாங்குவது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு காசு, மழைக்கு நின்றால் என்ன என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையொப்பமிடுங்கள். அத்திவாரம் முடிந்ததும் ஒரு பங்கு, சுவர் எழும்பியதும் ஒரு பங்கு, கூரையோடு ஒரு பங்கு என்று வாங்குங்கள். எல்லாம் முடிந்தபின் மொத்தமாக வாங்கலாம் என்று இருந்தவர்களில் பலர் கடைசிப் பங்கைப் பார்த்ததே இல்லை. கூட ஆள் வைத்துக்கொண்டால் அவர்கள் கூலிக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

அனுபவத்தில் தொழில் பழகியவரிடம் சான்றிதழ் இருக்காது. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வீ.கியூ., என்ற சான்றிதழைப் பாடநெறி படிக்காமல், செய்து பழகிய அனுபவத்தைக் காட்டிச் சோதனைக்கு இருந்தும் பெற வழி உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் நைட்டா நிறுவனத்திலும் இதை விசாரிக்கலாம். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது. டவுனில் வேலை கேட்கும்போதும் வெளிநாடு போக நினைக்கும்போதும் அந்தச் சான்றிதழுக்கு விலை உண்டு.

இடமும் காகிதமும்

லயத்துக் காம்பரா தோட்டத்தின் உடைமை. அதில் தொழில் நடத்துவதற்கும், பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில் போடுவதற்கும் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "துரை வாயால சொன்னாரு" என்பது அந்தத் துரை மாற்றலாகிப் போகும்வரைதான் செல்லும். வீட்டில் ஒருவராவது செக்ரோலில் இருப்பது எல்லா விதத்திலும் பாதுகாப்பு. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் பேரை வெட்டிக்கொள்வதை நாம் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டோம்.

தொழிலுக்கு ஒரு பெயர் வைத்தால் அதைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, அடையாள அட்டைப் பிரதி, இடம் பற்றிய ஆதாரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். இடம் தோட்டத்துடையதாக இருந்தால் இங்கேதான் துரையின் கடிதம் தேவைப்படும். உங்கள் சொந்தப் பெயரிலேயே தைத்துக் கொடுப்பதானால் பெயர்ப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் தொழிற் கடன் கேட்டால் வங்கி அநேகமாகப் பதிவைக் கேட்கும். சலூன், சாப்பாட்டுக் கடை போன்றவற்றுக்குப் பிரதேச சபையின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். போர்ம் சிங்களத்தில் இருந்தால் வெட்கப்படாமல் தமிழில் கேளுங்கள். தமிழில் விண்ணப்பிக்கவும் பதில் பெறவும் நமக்கு உரிமை இருக்கிறது. வருமான வரியைப் பற்றி இப்போதைக்குப் பயப்பட வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் ஒருவருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வரி விலக்கு உண்டு.

கரண்ட் விடயத்தில் மட்டும் கவனம். பழைய லயத்து வயரில் இஸ்திரிப் பெட்டியும் மோட்டார் மெஷினும் சேர்ந்து ஓடினால் என்ன ஆகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காம்பராவில் பிடித்த தீ லயம் முழுவதையும் கொண்டுபோகும். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிற இடத்தில் கால்மெஷின் ஒன்றும் வைத்திருப்பது புத்தி. நல்ல நிலையிலுள்ள பழைய கால்மெஷின் தொடங்குவதற்குத் தாராளமாகப் போதும்.

கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால், வட்டியை மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். வருடத்துக்கு எவ்வளவு, மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது எத்தனை ரூபா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாரக் கடன்காரர்கள் லயத்து வாசலுக்கே வருகிறார்கள், போர்மும் அவர்களே நிரப்புகிறார்கள். வாங்குவது சுலபம். வாரம் தவறாமல் கட்டுவதற்கு வாரம் தவறாத வருமானம் வேண்டும், புதுத் தொழிலில் இல்லாதது அதுதான். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கிய வீடுகளில் முதலில் போனது தோடு, பிறகு மெஷின். மூன்று மாத வீட்டுச் செலவுக்காவது காசு கையில் இல்லாமல் பேரை வெட்ட வேண்டாம். அந்தக் காசைத் தொழிலில் போடவும் வேண்டாம்.

விலகிய பிறகு

தோட்டம் பூட்டிவைத்த காசுக்குப் பதிலாக நாமே பூட்டிவைக்கச் சில இடங்கள் உண்டு. சுயதொழில் செய்கிறவரும் ஈ.டி.எப்.பில் சேர்ந்து தாமே பணம் செலுத்தலாம். சுயதொழிலாளருக்கென்றே 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டமும் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். இவற்றைத் தவிர வீட்டுக் கணக்கோடு கலக்காத ஒரு வங்கிப் புத்தகம் வேண்டும், சம்பளத்தன்று முதல் வேலையாக அதில் போட வேண்டும். மரண உதவிச் சங்கச் சந்தாவை இனிக் கையால் கட்ட வேண்டியிருக்கும். தலைவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள், விட்டுப்போனால் ஆபத்து வந்த நேரத்தில் மனக்கசப்பு.

சில தோட்டங்களில் தேயிலை மலையையே பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்து, கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்கிக்கொள்ளும் முறையும் வந்திருக்கிறது. இதுவும் ஒரு விதத்தில் சுயதொழில்தான். "ஒங்க மலை, நீங்களே மொதலாளி" என்று சொல்லும்போது, ஈ.பி.எப். தொடருமா, சேவைக்காலம் முறியுமா, உரத்துக்கு யார் காசு என்ற கேள்விகளை அங்கேயும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

கடைசியாக, விலகும் கடிதம். வேலைக்குப் போகாமல் நின்றுவிடுவது விலகுவதாகாது. தானாக விட்டுப்போனார் என்று எழுதிவிட்டால் பிறகு திகதியிலும் வருடக் கணக்கிலும் தகராறு வரும். இன்ன திகதியிலிருந்து வேலையிலிருந்து விலகுகிறேன், எனது பணிக்கொடையைக் கணக்கிட்டுத் தரவும், ஈ.பி.எப்., ஈ.டி.எப். தொடர்பான விவரங்களைத் தரவும் என்று மூன்று வரி எழுதினால் போதும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றை ஆபீஸில் கொடுத்து, மற்றதில் கிடைத்தது என்று முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைய சம்பளத் துண்டையும் பழைய துண்டுகளையும் அந்தப் பிரதியோடு ஒரு பொலித்தீன் பையில் போட்டு, கூரை ஒழுகாத பக்கத்தில் வையுங்கள். 30 நாள் கடந்தும் பணிக்கொடை வராவிட்டால் அந்தப் பையோடு தொழில் காரியாலயத்துக்குப் போகலாம். சங்கத் தலைவரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.